உப்புச் சட்டி வெடித்த காலை

என்னோடு ஒரே மேடையில் நின்றவர்களே, எதிரணியில் அமர்ந்து என்னை முறைத்தவர்களே! நம்மில் எவருக்கும் இன்னும் இருபது வயது நிறையவில்லை. ஆயினும், ஒரு காலத்தைக் கடந்து வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை நமக்கு உண்டு. பள்ளிக்கூட வாயில்கள் பூட்டிக் கிடந்த காலம் அது. எரிபொருள் நிலையத்து வரிசை வீதி வளைவையும் தாண்டி நீண்ட காலம். சமையல் எரிவாயு உருளைகள் வெறுமையாக வாசல்களில் காவல் நின்ற காலம். நீங்கள் அதை வரிசைகளால் நினைவில் வைத்திருப்பீர்கள். எனக்கு அது ஒரு சத்தமாகவே நினைவில் நிற்கிறது.

சொல்லுக்குத் தடுமாறாதவள் என்று பெயரெடுத்தவள் நான். அந்தப் பெயரை மறுக்கப்போவதுமில்லை. ஆனால் இந்த ஒன்றைச் சொல்ல வாயெடுக்கும் போதெல்லாம் வேறு கதைக்குத் தாவிவிடுகிறேன். ஒரே கூரையின் கீழ் இருந்தோம். விடிந்தது முதல் படுக்கும் வரை ஓயாமல் பேசினோம். எங்கள் கண்ணெதிரே கிடந்ததை எங்களில் ஒருவரும் காணவில்லை. எப்படி? இன்றுவரை எனக்கு விடை கிடைக்காத கேள்வி அது ஒன்றுதான்.

புத்தளத்து ஆலங்குடாவில் எங்கள் வீடு கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கிறது. பெரிய பட்டங்களில் தொங்கிக்கொண்டு அலைமேல் சறுக்கும் வெள்ளைக்காரர்கள் அந்த வருடம் வரவில்லை. கரையோரக் குடில்களில் காற்று மட்டுமே தங்கியிருந்தது. வாப்பா கட்டாரில் வேலை செய்தார். வீட்டில் அவர் ஒரு தொலைபேசிக் குரலாக இருந்தார். உம்மா, நானா என்று நாங்கள் அழைக்கும் பதினாறு வயது அண்ணன், பதின்மூன்று வயது நான், ஏழு வயதுத் தம்பி, தவழும் கைப்பிள்ளையாகத் தங்கை. இவ்வளவு பேருக்கும் ஒரு குசினி, ஒரு மேசை, ஒரு கைத்தொலைபேசி.

தம்பிதான் முதலில் வீட்டுக்குப் படிக்க வந்தவன். நோய்க்காலத்தில் பள்ளிக்கூடம் திறப்பதும் மூடுவதுமாக இருந்தபோது, முகக்கவசத்துக்கு மேலே கண்களை மட்டும் காட்டியபடி அவனுடைய வகுப்பாசிரியை உம்மாவிடம் சொன்னாராம்: "இந்தப் புள்ளைக்கு ஒண்டும் ஏறுதில்ல. கூப்பிட்டாத் திரும்புறதுமில்ல. ஒண்டில் பிடிவாதம், இல்லாட்டி மண்டையில ஒண்டுமில்ல."

திருமணத்துக்கு முன் பாலர் பாடசாலையில் கற்பித்தவர் உம்மா. அன்றே தம்பியின் கொப்பிகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு கையைப் பிடித்து அழைத்து வந்துவிட்டார். "ஏறாட்டி நான் ஏத்துறன்," என்றார் வீட்டில், எங்களைப் பார்த்து, ஏதோ நாங்கள் எதிர்த்து வாதாடியது போல.

பிறகு எரிபொருள் இல்லாமல் எல்லாப் பள்ளிக்கூடங்களும் மூடப்பட்டன. நானாவும் நானும் அதே மேசைக்கு வந்து சேர்ந்தோம்.

அப்படி நின்றுபோனவற்றுள் இன்னொன்றும் இருந்தது. காலையும் மாலையும் இசையை ஒலிக்கவிட்டபடி ஒழுங்கை ஒழுங்கையாகப் பாண் ரொட்டி விற்க வரும் முச்சக்கர வண்டி. அந்த இசை தூரத்தில் கேட்டதுமே நானாவும் நானும் செருப்பைத் தேடுவோம். தம்பி மட்டும் அசையமாட்டான். நாங்கள் வாசலைத் தாண்டிய பிறகே பின்னால் ஓடிவருவான். "சோம்பேறி ராசா," என்று நானா அவனைக் கேலி செய்வான். வண்டி நின்றுபோனதும் அந்தக் கேலியும் நின்றது. பாணும் நின்றது. உம்மா தாமே பாண் சுடத் தொடங்கினார்.

புளிக்கவைத்துச் செய்யும் பாணுக்கு எங்கள் வீட்டில் நேரம் கிடையாது. ஒருபுறம் கைப்பிள்ளை அழும். மறுபுறம் நானாவின் கேத்திர கணிதம் நிற்கும். ஆகவே உம்மா விரைவுப் பாண் ஒன்றைத் தாமாகவே கண்டுபிடித்தார். கோதுமை மாவில் அப்பச்சோடாவையும் உப்பையும் கலப்பார். தேங்காய்ப் பாலில் தேசிக்காயைப் பிழிந்து, அது திரிந்து வரும் கணத்தில் மாவின்மேல் ஊற்றுவார். ஊற்றியதும் மா மூச்சுவிடத் தொடங்கும். அதன்பின் தாமதிக்கக் கூடாது; மூச்சு அடங்குவதற்குள் பாண் நெருப்புக்குப் போயாக வேண்டும். "பால் ஊத்திட்டன்!" என்று உம்மா கூவினால், நானா கோணத்தை அப்படியே விட்டுவிட்டுச் சிரட்டைக் கரியை ஊதவும், நான் பாண் சுடும் தகரப் பேணிக்கு எண்ணெய் பூசவும் எழுந்து ஓடுவோம்.

பாண் சுடும் போறணைக்குப் பதிலாக எங்களிடம் ஒரு உப்புச் சட்டி இருந்தது. கலியாணச் சோறு ஆக்கும் கனத்த சட்டியின் அடியில் நான்கு விரல் உயரத்துக்குக் கல்லுப்பு. அதன்மேல் பேணி. சட்டியை மூடும் இரும்புத் தட்டின்மேல் தணல். கீழே விறகு, மேலே தணல், நடுவில் சூட்டைப் பிடித்து வைத்துச் சீராகக் கொடுக்கும் உப்பு. மணலையும் போடலாம், ஆனால் புத்தளத்து மனிதர்களின் வீட்டில் மணலைவிட உப்பே கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். அந்த உப்பை உம்மா முதலில் வெயிலில் நாள்கணக்காகக் காயவைத்து, பின் வெறுஞ்சட்டியில் மெல்லிய நெருப்பில் வறுத்து எடுத்திருந்தார். பலமுறை சூடாகி அது சாம்பல் நிறமாகவே மாறிவிட்டது. பார்வைக்கு அழுக்கு, வேலைக்குத் தங்கம்.

பாண் வேகும் நேரத்துக்குத்தான் பட்டிமன்றம். ஆம் நண்பர்களே, இன்று நீங்கள் கைதட்டும் இந்தக் குரல் அந்தக் குசினியில்தான் முதன்முதலில் உயர்ந்தது. "பாணா பிட்டா?" "கடலா களப்பா?" இவையே எங்கள் தலைப்புகள். தோற்றவர் சட்டி கழுவ வேண்டும். தம்பி நடுவர். மணிக்கூட்டைப் பார்த்து, நேரம் முடிந்ததும் வெறும் பேணி ஒன்றில் தட்டுவான், தீர்ப்பும் சொல்வான். அவனுடைய தீர்ப்பு எப்போதும் எனக்கே சாதகம்.

"இவன் ஒன்னட்ட லஞ்சம் வாங்குறான்," என்று நானா சண்டை பிடிப்பான். "ஏண்டா நான் தோத்த? காரணம் சொல்லு."

"நீ அடுப்பப் பாத்துக் கதைச்ச," என்பான் தம்பி. "ராத்தா என்னப் பாத்துக் கதைச்ச." ராத்தா, அதாவது அக்கா, நான்தான்.

நடுவரை நேருக்கு நேர் பார்த்துப் பேசுவது மேடைக் கலையின் முதற்பாடம் என்று நான் அன்று மார்தட்டிக்கொண்டேன். அவன் எவ்வளவு பெரிய உண்மையை எங்கள் கையில் தந்தான் என்பது எவருக்கும் உறைக்கவில்லை.

உம்மாவின் முகத்துக்கு முன்னே அமர்ந்தால் அவன் சூரன். பெருக்கல் வாய்பாட்டைத் தலைகீழாகச் சொல்வான். ஒரே வருடத்தில் மூன்று வகுப்புப் பாடங்களை விழுங்கினான். ஆனால் உம்மா மா பிசையத் திரும்பிவிட்டால், அதே பிள்ளை முழுப் பிடிவாதக்காரனாகிவிடுவான். "அந்தப் பேணிய எடு மகன்... மகன்... டேய்!" என்று உம்மா முதுகுப் பக்கமாகக் கூவிக்கொண்டிருப்பார். அவன் நிலத்தில் தோணி வரைந்துகொண்டிருப்பான். பொறுமை இழந்த உம்மா அகப்பைக் காம்பால் தோளில் ஒன்று வைத்தால், திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு ஓடிப்போய் பேணியை எடுத்து வருவான்.

"கேட்டும் கேளாத மாதிரி இரிக்கிறான். அடி விழுந்தாத்தான் அசையிறான்," என்று உம்மா தொலைபேசியில் வாப்பாவிடம் முறையிடுவார். ஒரு வருடம் முழுக்க அந்த வாக்கியம் எங்கள் வீட்டில் ஒலித்தது. அதில் முதல் சொல் பிழை என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

வாப்பாவின் மூத்த சகோதரி எங்கள் மாமி. தாய் இளமையிலேயே மறைந்தபின் வாப்பாவைத் தூக்கி வளர்த்தவர். பாலாவிப் பக்கத்தில் உப்பளம் வைத்திருந்தார்; சிங்களமும் தமிழும் ஒரே மூச்சில் பேசி லொறிக்காரர்களை நடுங்கவைப்பார். அவருக்கு மூச்சிழுப்பு நோய் இருந்தது. ஊரெல்லாம் முகக்கவசத்தைக் கழற்றி எறிந்த பின்னும் அவர் கழற்றவில்லை. எங்கள் வீட்டுக் கதிரையில் அமர்ந்திருக்கும்போதும் கழற்றமாட்டார். ஒவ்வொரு முறை வரும்போதும் புது உப்பு ஒரு பை கொண்டுவருவார். அது அவருடைய அன்பு. ஒவ்வொரு முறை போகும்போதும் உம்மாவின் நெஞ்சில் ஒன்று குத்திவிட்டுப் போவார். அதையும் அன்பு என்றே அவர் நம்பினார்.

உம்மாவின் குடும்பம் தொண்ணூறாம் ஆண்டில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, உடுத்த உடுப்போடு வந்தது. மாமி அதை மறந்ததே இல்லை. "படிப்பு படிப்பெண்டு வந்தவங்க, கடைசியில புள்ளையள வீட்டுக்க வச்சுப் பாண் பள்ளிக்கூடம் நடத்துறாங்க," என்பார். அந்தப் பெயர் ஊரெல்லாம் பரவியது. பழைய பள்ளித் தோழி ஒருத்தி வேலிக்கு வெளியே நின்று, "ஒங்கட பள்ளிக்கூடத்துல சோதினைக்குப் பட்டர் பூசுவாங்களா?" என்று என்னிடம் கேட்டாள். அவளுக்கு நான் சொன்ன பதிலை இங்கே சொல்ல முடியாது.

தம்பி தம்மை மதிப்பதில்லை என்பது மாமியின் தீராத குறை. "ஸலாம் சொன்னா மறுமொழி இல்ல. கேட்டாப் பதில் இல்ல. பேயனப் போல மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிக்கிறான். என்ட தம்பிட ஒரே குஞ்சு நாசமாப் போகுது" என்பார். நானா இருக்கும்போதே இப்படிச் சொல்வார். நானா தலையில் அடித்துக்கொள்வான். சிலாபத்துக்கும் அப்பால் குர்ஆன் கற்பிக்கும் ஓர் ஓதப்பள்ளி விடுதி இருப்பதாக யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். கண்டிப்பான இடமாம், எப்படிப்பட்ட பிள்ளையும் சில மாதங்களில் வழிக்கு வந்துவிடுமாம். மாமி தாமே பேசி முடித்து, இடமும் வாங்கிவிட்டார். வாப்பா தொலைபேசியில், "ராத்தா சொன்னா யோசிச்சுத்தான் சொல்லுவா," என்றார். வளர்த்த கைக்கு எதிராக அவருக்கு வாய் வரவில்லை.

உம்மா அழவில்லை. ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். "மதினி, கூட்டிக்கொண்டு போறத்துக்கு முந்தி நீங்களே சோதிச்சுப் பாருங்க. என்னத்த வேணுமெண்டாலும் கேளுங்க. அவன் சரியாச் சொன்னா என்னோட இருக்கட்டும். சொல்லாட்டி கொண்டு போங்க."

மாமி சம்மதித்தார். நானா தம்பியை முன்னால் நிறுத்தி எல்லாவற்றையும் விளக்கினான்: மாமி கேள்வி கேட்பார், பதில் சொன்னால் வீடு, சொல்லாவிட்டால் விடுதி. தம்பி எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். பின்னர், "விடுதியில பாண் சுடுவாங்களா?" என்று கேட்டான்.

குறித்த நாள் காலையில் வாசலில் வேன் வந்து நின்றது. டீசலுக்காகச் சாரதி இரண்டு நாள் வரிசையில் கிடந்தாராம்; மாமி கேட்டால் யார்தான் மறுப்பார்கள்? மாமி இறங்கினார், கையில் புது உப்புப் பையுடன். முன் விறாந்தைக் கதிரையில் அமர்ந்தார். எண்ணெய் வைத்துச் சீவிய தலையோடு தம்பி அவர் முன்னே நின்றான். உம்மா மாமியின் பக்கத்தில் நின்றார். தம்பியின் கண்கள் உம்மாவின் முகத்தில் பதிந்திருந்தன.

மாமி அதைக் கவனித்துவிட்டார். "ஓஹோ! நீ பக்கத்துல நிண்டு வாயசைச்சுக் குடுக்கப் பாக்கிறியா புள்ள? அங்கால திரும்பு. செவத்தப் பாத்துக்கிட்டு நில்லு. நீங்க ரெண்டு பேரும் அவன்ட பின்னுக்குப் போங்க."

உம்மா சுவரைப் பார்த்துத் திரும்பினார். நானாவும் நானும் தம்பியின் முதுகுக்குப் பின்னே போனோம். அவன் முன்னால் எஞ்சியிருந்தது ஒரு நீல முகக்கவசமும் அதற்கு மேலே இரண்டு கண்களும் மட்டுமே.

"ஏழெட்டு எவ்வளவு?" என்றார் மாமி.

அவன் சிரித்தான்.

"ஏழெட்டு எவ்வளவுடா?"

அவன் உம்மாவைப் பார்த்தான். உம்மாவின் முதுகைத்தான் பார்க்க முடிந்தது. திரும்பி எங்களைப் பார்க்க முயன்றான். "அங்கால என்ன பார்வ? இஞ்ச பாரு!" என்று மாமி அவன் தாடையைப் பிடித்துத் தம் பக்கம் திருப்பினார். "சரி, ஏழெட்டு வேணாம். ஒன்ட வாப்பாட பேரு என்ன? அதயாவது சொல்லு பாப்பம்!"

ஏழு வயதுப் பிள்ளைக்கு வாப்பாவின் பெயர் தெரியாதா? "சொல்லுடா!" என்று பின்னால் நின்று கத்தினேன். அவன் சிறிது யோசித்தான். பிறகு முகம் மலர, குசினிக்குள் ஓடினான். ஒரு கிளாசில் தண்ணீர் கொண்டுவந்து, இரண்டு கைகளாலும் பிடித்து, மாமியிடம் நீட்டினான்.

மாமி எழுந்துவிட்டார். "பாத்தியா? பாத்தியா புள்ள? என்னய நக்கலடிக்கிறான்! இதுதான் நீ படிச்சுக் குடுத்த லட்சணம்!"

உம்மா சுவரிலிருந்து திரும்பவே இல்லை. அவர் தோள்கள் மட்டும் அசைந்தன. சொன்ன சொல்லை மீறும் பழக்கம் அவரிடம் இல்லை. உள்ளே போய் தம்பியின் உடுப்புகளைப் பையில் அடுக்கத் தொடங்கினார். தம்பி, நீட்டிய தண்ணீரைத் தானே குடித்துவிட்டு, முற்றத்து மணலில் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி அமர்ந்து தோணி வரைந்தான்.

மாமி கல்நெஞ்சக்காரர் இல்லை. சற்று நேரம் விறாந்தையில் உலாவினார். பிறகு இறங்கிய குரலில், "அழாத புள்ள. புள்ளைக்கு வழிக்குத் தின்ன ஏதும் வேணுமே. ஒன்ட பாணச் சுட்டுக் குடுப்பம். நான் சட்டிய வைக்கிறன், நீ மாவக் கொழ," என்று சொல்லிக்கொண்டே குசினிக்குள் நுழைந்தார்.

சட்டியின் மூடியைத் திறந்தவர் அலறினார். "அல்லாஹ்வே! இதென்ன இது, சாம்பலா உப்பா? இந்த ஊத்த உப்புலயா நீங்க தின்னுற பாண் வேகுது? உப்பளக்காரிட தம்பி வீட்டுல இப்படி ஒரு உப்பா?"

உம்மா அறைக்குள் அழுதுகொண்டு பை அடுக்கினார். நான் அழுகிற கைப்பிள்ளையை இடுப்பில் வைத்து ஆட்டிக்கொண்டிருந்தேன். நானா கொல்லையில் விறகு பொறுக்கிக்கொண்டிருந்தான்; தடுக்க ஆளில்லை. சாம்பல் உப்பு முழுவதும் வேலியோரம் போய்க் கொட்டுண்டது. தாம் கொண்டுவந்த பையை மாமி சட்டியில் கவிழ்த்தார். உப்பளத்துக் குவியலிலிருந்து அன்று காலையில் அள்ளிய உப்பு. முழு நெல்லிக்காய் பருமனில் கற்கள். ஈரம் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. உப்பை விற்றே தலை நரைத்தவர் அவர். ஆனால் உப்பு நெருப்பில் என்ன செய்யும் என்று பார்க்கும் தேவை அவருக்கு ஒருநாளும் வந்ததில்லை. நானாவைக் கொண்டு தேங்காய்ப் பொச்சுமட்டையைத் திணித்து நெருப்பை மூட்டினார். இரும்புத் தட்டால் மூடித் தணலையும் பரப்பினார். "இப்பப் பாரு, பாண் பூப்போல வரும்," என்றார்.

முதலில் ஒரு பொரிச் சத்தம் கேட்டது. அடுத்து இரண்டு மூன்று. "என்ன மாமி, உள்ளுக்குச் சோளம் போட்டீங்களா?" என்றான் நானா. அவன் வாய் மூடவில்லை. சட்டிக்குள் பெருநாள் வெடிக் கட்டு ஒன்று பற்றியது போல உப்பு வெடித்தது. தட்டு ஒருபுறம் எழும்பியது. ஒரு கணம் நின்றது. மறுகணம் தணலோடு சரிந்து சீமெந்துத் தரையில் விழுந்து, இரும்பு இரும்பாக அலறி உருண்டது. தணல் குசினியெங்கும் சிதறியது. உப்புக் கற்கள் கூரைத் தகரத்தில் மோதின. மாமி "யா அல்லாஹ்!" என்று கத்தி என்மேல் விழுந்தார். கைப்பிள்ளை வீரிட்டது. சாரதி வேனை விட்டு இறங்கி ஓடிவந்தார். பக்கத்து வீட்டில் நாய் குரைத்தது. உம்மா கையில் தம்பியின் சட்டை ஒன்றோடு ஓடிவந்தார்.

நானா தணலை மிதித்து அணைத்தான். ஒருவருக்கும் காயமில்லை. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். மாமியின் புகைபடிந்த நெற்றியைக் கண்டு நானாவுக்குச் சிரிப்புக்கூட வந்தது.

அப்போது உம்மா திறந்த கதவினூடே முற்றத்தைப் பார்த்தார்.

தம்பி மணலில் அமர்ந்திருந்தான், முதுகைக் காட்டியபடி. குசினியிலிருந்து நாலு பாய்ச்சல் தூரம். தோணிக்குப் பாய்மரம் கீறிக்கொண்டிருந்தான். அவன் கை நிற்கவில்லை. தோள் குலுங்கவில்லை.

நாங்கள் அனைவரும் ஒரே நேரத்தில் அவனைப் பார்த்தோம்.

மாமிதான் முதலில் அசைந்தார். விழுந்து கிடந்த இரும்புத் தட்டைத் துணியால் பிடித்துத் தூக்கினார். ஓர் அகப்பையையும் எடுத்தார். முற்றத்தில் இறங்கி, தம்பியின் முதுகுக்குப் பின்னே ஒரு கை தூரத்தில் நின்று, தட்டை ஓங்கி அடித்தார். ஒருமுறை. பிறகு மறுபடியும். எனக்குக் காது அடைத்தது. கோழிகள் சிதறிப் பறந்தன. ஒரு கோழி தம்பிக்கு முன்னால் ஓடியது. அதைப் பார்த்தவன், எதற்காக ஓடுகிறது என்று தேடித் திரும்பினான். கையில் தட்டும் அகப்பையுமாக நின்ற மாமியைக் கண்டு கலகலவென்று சிரித்தான்.

மாமி முகக்கவசத்தைப் பிய்த்து எடுத்தார். "ஒனக்குக் கேக்கல்லயா? டேய், மகன், ஒனக்கு ஒண்டுமே கேக்கல்லயா?"

தம்பியின் சிரிப்பு நின்றது. வியப்போடு அவருடைய வாயையே பார்த்தான்.

"மாமி," என்றான். "என்னோட கோவம் முடிஞ்சிட்டா? இப்ப கதைக்கிறீங்களே!"

நண்பர்களே, அந்த வாக்கியத்தை என்னால் இன்றும் நிமிர்ந்து நின்று சொல்ல முடியாது. உம்மா வாசற்படியிலேயே அமர்ந்துவிட்டார். "ஒரு வருசம்," என்றார். "ஒரு வருசம் பக்கத்துல வச்சுப் படிச்சுக் குடுத்தனே. அகப்பைக் காம்பால அடிச்சனே." அவன் ஐந்து வயதில் கண்ட காய்ச்சலும், அதன்பின் மாதக்கணக்கில் காதிலிருந்து வடிந்த சீழும், எண்ணெய் ஊற்றி ஆற்றியதாக நாங்கள் நம்பியதும் எங்கள் எல்லோருக்கும் ஒன்றாக நினைவுக்கு வந்தன. காது கேட்பது சிறிது சிறிதாகக் குறைந்துகொண்டே போயிருக்கிறது. அவனும் சிறிது சிறிதாக வாய்களைப் படிக்கக் கற்றிருக்கிறான். வாய்கள் மறைந்திருந்த வகுப்பறையில் அவன் மூடன். வாய்கள் திறந்திருந்த வீட்டில் அவன் சூரன்.

"வேன்ல ஏறுங்க," என்றார் மாமி. "எல்லாரும் ஏறுங்க. சிலாபத்துல காது டொக்டர் இரிக்கிறாரு. டீசல் அங்க போகப் போதும்."

பை ஏற்கனவே கட்டியிருந்தது. உம்மா அதைத் தம்பியின் கையில் கொடுத்து வேனில் ஏற்றினார். கைப்பிள்ளையோடு நானும் ஏறினேன். குசினியைக் கழுவ நானா வீட்டில் நின்றான்.

வழியெல்லாம் பேச்சு. மாமி வாப்பாவை அழைத்து, "தம்பி, புள்ளைக்குக் காது கேக்குதில்லடா, நாங்கதான் கண்ணில்லாம இருந்திருக்கிறம்," என்று விம்மினார். உம்மா தம்மைத்தாமே திட்டினார். மாமி உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ என்ன செய்வ புள்ள, நான்தான் ஒன்னச் செவத்தப் பாத்து நிக்கவச்சன்," என்றார். அவர் உம்மாவின் கையைப் பிடித்து நான் கண்டது அதுதான் முதல் தடவை. சாரதி சிங்களத்தில் யாரையோ அழைத்து வைத்தியர் இருக்கும் நேரத்தை விசாரித்தார். நான் வைத்தியரிடம் சொல்ல வேண்டியவற்றை மனத்துக்குள் வரிசைப்படுத்தி, அவற்றை உரத்துச் சொல்லியும் பார்த்தேன். தம்பி யன்னலோரம் பையை மடியில் அணைத்தபடி இருந்தான். உப்பளங்கள் போயின, களப்பு போயிற்று, தென்னந்தோப்புகள் வந்தன. வேடிக்கை பார்க்கிறான் என்றே நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் நீண்ட வாங்கு ஒன்றில் எங்களை அமரச் சொன்னார்கள். எதிரே ஒரு கதவு திறந்திருந்தது. உள்ளே வெள்ளை விரிப்போடு கட்டில்கள் வரிசையாகக் கிடந்தன. மாமி தாதியிடம் சிங்களத்தில் பேசிக்கொண்டிருந்தார். உம்மாவின் தலைமுக்காட்டை யாரோ இழுத்தார்கள். தம்பி.

"உம்மா," என்றான், கட்டில்களைப் பார்த்தபடி. "அதுல எது எனக்கு?"

உம்மாவுக்கு விளங்கவில்லை. "என்ன மகன்?"

"விடுதியில. யன்னலுக்குக் கிட்ட உள்ளதக் கேளுங்க." பிறகு, எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பெரிய மனிதனைப் போல உம்மாவின் தோளைத் தட்டினான். "அழாமப் போங்க உம்மா. நான் இரிப்பன். தங்கச்சிக்குப் பசிக்கும்."

ஆலங்குடாவிலிருந்து சிலாபம் வரை வாய் ஓயாமல் வந்தவர்கள் நாங்கள். அவனுக்குக் கேளாது என்பதைக் கண்டுபிடித்துவிட்டே வந்தவர்கள். அத்தனை சொற்களில் ஒன்றைக்கூட ஒருவரும் அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கவில்லை.

தாதியிடம் பேசிக்கொண்டிருந்த மாமி பேச்சைப் பாதியில் விட்டார். முழங்கால் வலியென்று தொழுகையைக்கூடக் கதிரையில் தொழுபவர், அந்தச் சீமெந்துத் தரையில் மெல்ல மெல்லக் குந்தி, தம்பியின் கண்மட்டத்துக்கு இறங்கினார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஒவ்வொரு சொல்லாக, வாயைத் திறந்து திறந்து சொன்னார்.

"விடுதிக்குப் போகல்ல. டொக்டரிட்டக் காதக் காட்டிட்டு வீட்ட போறம். ஒன்ன வீட்டதான் கொண்டு போறன்."

தம்பி அவருடைய உதடுகளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முழுவதும் படித்து முடித்தான். நம்பவில்லை என்று அவன் முகம் சொன்னது.

"இன்னொருக்காச் சொல்லுங்க மாமி," என்றான்.

மாமி இன்னொரு முறை சொன்னார். அவன் பையைக் கீழே வைத்தான்.